ஈசலும் விளக்கும் 48 மணி நேரமும்

2020 ஏப்ரல் 18, சனிக்கிழமை. காலை 6.30 ஆக ஐந்து நிமிடம் இருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். ஊரடங்கு போட்டு மூன்று வாரம் தாண்டியிருந்தது. பால்காரரின் சைக்கிள் மணியைத் தவிரத் தெருவில் சத்தமே இல்லை. என்னைப் போலவே வெவ்வேறு நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நேரத்தில் ஒரே ஒரு வரிக்காகக் கண் விழித்துக் காத்திருந்தார்கள். 6.30க்கு அது திரையில் வந்தது. தமிழில் சொன்னால், ‘உயிரோடு வைத்திரு’.

அந்த வரியைக் கருவாக வைத்து ஒரு கணினி விளையாட்டைச் செய்து, திங்கட்கிழமை காலை 6.30க்குள் ஒப்படைக்க வேண்டும். தனியாளாகச் செய்ய வேண்டும். படம், ஒலி, நிரல் எல்லாம் அந்த 48 மணி நேரத்துக்குள் என் கையால் உருவானதாக இருக்க வேண்டும். எழுதிய நிரலையும் எல்லோரும் பார்க்கும்படி கூடவே கொடுத்துவிட வேண்டும். ‘லூடம் டேர்’ என்னும் போட்டியின் விதி இது. அதில் பரிசுப் பணம் கிடையாது. செய்து முடித்த விளையாட்டுதான் பரிசு.

நான் சென்னையில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறவள். பள்ளி நாளிலிருந்தே விளையாட்டு செய்ய வேண்டும் என்று ஆசை. அன்றைக்கு என் கணினியில் ஏழு ஃபோல்டர்கள் இருந்தன. ஏழிலும் பாதியில் நின்றுபோன விளையாட்டுகள். ஒன்று சோழர் கப்பற்படை பற்றியது. இரண்டு வருடம் அதற்குக் கப்பல் வரைந்தேன், அலை வரைந்தேன். ஆனால் ஒருவரும் அதை ஒரு நிமிடம்கூட ஆடிப் பார்க்கும் நிலைக்கு அது வரவில்லை. எட்டாவது ஃபோல்டரையாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் அன்று உட்கார்ந்தேன்.

ஜாம் என்றால் என்ன?

இசைக் கலைஞர்கள் முன்னேற்பாடு இல்லாமல் கூடி, தோன்றியதை வாசிப்பதை ‘ஜாம்’ என்பார்கள். விளையாட்டு செய்கிறவர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 2002 மார்ச்சில் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கிறிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் சில நிரலாளர்களைக் கூப்பிட்டு ‘இண்டி கேம் ஜாம்’ நடத்தினார்கள். ஒரு லட்சம் உருவங்களை ஒரே சமயத்தில் திரையில் நகர்த்தக்கூடிய ஒரு நிரலைக் கையில் கொடுத்து, இதை வைத்து யாரும் செய்யாத விளையாட்டு எதையாவது செய்யுங்கள் என்றார்கள். அடுத்த மாதமே ஜெஃப் ஹவ்லண்ட் என்பவர் இணையத்தில் லூடம் டேரைத் தொடங்கினார். 2009 ஜனவரியில் ‘குளோபல் கேம் ஜாம்’ வந்தது. அதில் ஒரே வார இறுதியில் 23 நாடுகளில் 53 இடங்களில் ஆட்கள் நேரில் கூடி விளையாட்டு செய்தார்கள்.

இந்தப் போட்டிகள் எல்லாவற்றுக்கும் கரு கடைசி நிமிடத்தில்தான் தெரியும். முன்கூட்டியே யோசித்து வைக்க வழியில்லை. நேரமோ மிகக் குறைவு. எனவே பெரிதாகச் செய்யவும் வழியில்லை.

ஆச்சி வைத்த விளக்கு

‘உயிரோடு வைத்திரு’ என்ற வரியைப் பார்த்ததும் மனது கனத்தது. அந்த மாதம் செய்தியைத் திறந்தாலே மரணக் கணக்குதான். கிருமி, மருத்துவமனை, மூச்சுக்கருவி என்று முதலில் தோன்றிய மூன்றையும் அடித்துவிட்டேன். அவற்றை விளையாட்டாக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா பூஜை மாடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது ஓர் ஐப்பசி மாதத்து இரவு நினைவுக்கு வந்தது. மழை விட்டதும் கரண்ட் போய்விட்டது. ஆச்சி அகல் விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். எங்கிருந்துதான் வந்தனவோ, ஈசல்கள் கூட்டம் கூட்டமாக விளக்கை மொய்த்தன. எண்ணெயில் விழுந்தன, திரியில் கருகின, சுடர் படபடத்தது. ஆச்சி ஒரு அகன்ற சட்டியில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் விளக்கை வைத்தாள். சுவரில் இரண்டு பல்லிகள் ஓடி ஓடிப் பிடித்தன. அந்தப் பல்லிகள்தான் விளக்கைக் காப்பாற்றுகின்றன என்று நான் நம்பினேன். அப்போது எனக்கு ஆறு வயது.

விளையாட்டு கிடைத்துவிட்டது. இருட்டுத் திரை, நடுவில் அகல் விளக்கு, நான்கு பக்கமிருந்தும் ஈசல்கள். ஆடுபவர்தான் பல்லி. பல்லி நீர்த்துளியை உமிழும். துளி பட்ட ஈசல் விழுந்துவிடும். தப்பி வந்த ஈசல் சுடரில் விழுந்தால் சுடர் கொஞ்சம் சிறுத்துவிடும். எத்தனை நேரம் விளக்கை எரிய வைப்பீர்கள் என்பதுதான் ஆட்டம்.

காகிதத்தில் இதற்கு மேலும் எழுதினேன்: மூன்று வகைப் பூச்சிகள், முடிவில் வரும் பெரிய விட்டில், மழை, பத்து நிலைகள், அறுந்து வளரும் பல்லி வால். ஒன்பது மணிக்கு முன் எல்லாவற்றையும் கோடு போட்டு அடித்தேன். விளக்கு, பல்லி, ஈசல், துளி என்று நான்கு சொல் மிஞ்சியது.

சுடும் விளையாட்டு ஜாமுக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் அதன் எலும்புக்கூடு எளியது என்பதுதான். நகர வேண்டும், சுட வேண்டும், பட்டதா என்று பார்க்க வேண்டும், தோற்க ஒரு வழி வேண்டும். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் செய்த ‘ஸ்பேஸ்வார்’ முதல், காசு போட்டு ஆடும் பெட்டிகளில் வந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ‘ஆஸ்டராய்ட்ஸ்’ வரை எல்லாவற்றுக்கும் இதே எலும்புதான்.

நொடிக்கு 60 முறை

கொடோ என்ற இலவச மென்பொருளில் செய்தேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் உருவாக்கி 2014இல் உலகத்துக்குத் திறந்துவிட்ட கருவி அது. என்னுடைய பழைய மடிக்கணினியிலேயே தடங்கல் இல்லாமல் ஓடியது.

நொடிக்கு 24 படங்களை அடுத்தடுத்துக் காட்டுவதுதான் சினிமா. விளையாட்டும் அப்படித்தான். ஆனால் அதன் படங்கள் முன்கூட்டி எடுத்து வைத்தவை அல்ல, அப்போதைக்கப்போது வரைபவை. கணினி நொடிக்கு 60 முறை ஒரே வேலையைச் செய்கிறது: எந்த விசை அழுந்தியிருக்கிறது என்று பார்க்கிறது, எல்லாப் பொருளையும் ஓர் அடி நகர்த்துகிறது, எது எதோடு மோதியது என்று கணக்குப் போடுகிறது, பிறகு படத்தை வரைகிறது. இந்தச் சுற்று புரிந்துவிட்டால் விளையாட்டு நிரலில் பாதி புரிந்த மாதிரி.

ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டு எண்கள். என் திரை 320 புள்ளி அகலம், 180 புள்ளி உயரம். அதை நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டினேன். பல்லி 16 புள்ளிச் சதுரம், ஈசல் 8 புள்ளி. பள்ளியில் வரைபடத் தாளில் மேலே போகப் போக எண் கூடும். இங்கே இடது மேல்மூலைதான் பூஜ்ஜியம், கீழே போகப் போக எண் கூடும். ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

அடுத்தது பல்லியின் ஓட்டம். வலப்பக்க விசையையும் கீழ் விசையையும் சேர்த்து அழுத்தினால் பல்லி சாய்வாக ஓடுகிறது, ஆனால் வழக்கத்தைவிட வேகமாக. பக்கவாட்டில் ஓர் அடி, கீழே ஓர் அடி என்றால் சாய்வு தூரம் 1.41 அடி. பிதாகரஸ் தேற்றம்தான். அந்தக் கூடுதல் வேகத்தைக் கழிக்க ஒரு வரி எழுதினேன். பத்தாம் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகப் படித்த கணக்கு, ஒரு பல்லியை ஒழுங்காக ஓட வைத்ததைப் பார்த்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒரு மர்மம். துளி நேராக ஈசல் மேல் போகிறது, ஆனால் ஈசல் சாகவில்லை. சில சமயம் சாகிறது, சில சமயம் இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். துளிக்கு நொடிக்கு 900 புள்ளி வேகம் கொடுத்திருந்தேன். அதாவது ஒரு சுற்றுக்கு 15 புள்ளி. ஈசலின் உடல் 8, துளி 3, சேர்த்தால் 11 புள்ளிதான். ஒரு சுற்றில் துளி ஈசலுக்கு முன்னால் இருக்கிறது, அடுத்த சுற்றில் அதற்குப் பின்னால் போய்விடுகிறது. நடுவில் தொட்ட கணம் என்று ஒன்று கணினியின் கணக்கில் இல்லவே இல்லை. வேகத்தை 480ஆகக் குறைத்தேன். ஒரு சுற்றுக்கு 8 புள்ளி. அதன்பின் எந்தத் துளியும் ஊடுருவிப் போகவில்லை.

கூடவே இன்னொரு காரியம் செய்தேன். ஈசலின் படம் 8 புள்ளி என்றாலும், மோதல் கணக்குக்கு அதை 12 புள்ளியாக வைத்தேன். கண்ணுக்குப் பட்டது போலத் தெரிந்து கணக்கில் படாமல் போனால் ஆடுபவருக்குக் கோபம் வரும். குண்டுமழை பொழியும் ஜப்பானிய விளையாட்டுகளில் இதற்கு நேர்மாறாக, ஆடுபவரின் விமானம் பெரிதாகத் தெரிந்தாலும் குண்டு பட்டால் சாகும் இடம் ஒரு சின்னப் புள்ளிதான். ஆடுபவர் பக்கம் சாய்ந்த கணக்கைத்தான் எல்லோரும் நியாயம் என்று உணர்கிறார்கள்.

எடுக்காத பிழை

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஆட்டம் ஓடியது. ஆனால் சுவையில்லை. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றித் துப்பினால் போதும், ஒரு ஈசலும் உள்ளே வராது.

பதினொன்றாம் வகுப்பு படித்த தம்பியைக் கூப்பிட்டு ஆடச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஆடிவிட்டுக் கேட்டான்: “ஏன்க்கா, தண்ணி வெளக்குல பட்டா சுடர் சின்னதாவுது?”

நான் அப்படி எழுதவில்லையே என்று பார்த்தேன். எந்தப் பொருள் எதை மோதும் என்பதற்குக் கட்டங்களில் குறியிட வேண்டும். துளிக்கு எதிரே ஈசல் கட்டத்தோடு விளக்குக் கட்டத்திலும் தவறிக் குறியிட்டிருக்கிறேன். அதை நீக்கப் போனேன். தம்பி கையைப் பிடித்துக்கொண்டான். “அத எடுக்காதக்கா. இப்பதான் பயமா இருக்கு.”

மறுபடி ஆட விட்டுப் பார்த்தேன். அவன் இப்போது சும்மா துப்பவில்லை. விளக்கு தன் குறிக்கு நேரே வராதபடி ஓடி நின்று, ஒரு துளியை எண்ணிப் பார்த்துச் செலவழித்தான். எதிர்ப்பக்கம் ஒரு ஈசல் வந்தால், விளக்கைத் தாண்டிச் சுட முடியாமல் சுற்றி ஓடினான். காப்பாற்ற வந்தவன் கையாலேயே விளக்கு போய்விடலாம் என்ற அந்த ஒன்று, நான் காலையிலிருந்து தேடிய கருவாகவே ஆகிவிட்டது.

சுடும் விளையாட்டுகளின் பெரிய வரலாறே இப்படி ஒரு எதிர்பாராத விஷயத்தில்தான் நிற்கிறது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைச் செய்தார். ஐந்து வரிசை, வரிசைக்கு 11, மொத்தம் 55 எதிரிகள். அன்றைய சில்லுக்கு 55 உருவங்களை நகர்த்துவது பெரும் பாரம், எனவே மெதுவாக நகர்ந்தன. ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தப் பாரம் குறைந்து, மிச்சமிருப்பவை வேகமெடுத்தன. நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை. ஆட ஆடப் பரபரப்புக் கூடுகிறதே என்று அப்படியே வைத்துக்கொண்டார். போகப் போகக் கடினமாகும் ஆட்டம் என்று நாம் இன்று சாதாரணமாக எடுத்துக்கொள்வது அங்கிருந்து பரவியது.

“குளிர்ந்துட்டுன்னு போடு”

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா அதுவரை கணினி விளையாட்டு எதையும் தொட்டதில்லை. எதுவும் சொல்லித் தராமல் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் ஒரு நிமிடம் எந்த விசை என்றே தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் முதல் திரையில் அம்புக்குறி விசைகளை வரைந்தேன். பிறகு பிடித்துக்கொண்டாள். 20 விநாடியில் விளக்கு போனது. திரையில் ‘விளக்கு அணைந்தது’ என்று வந்தது.

“என்னட்டி இது, அணைஞ்சதுன்னு எழுதிருக்க? வெளக்க அப்படிச் சொல்லுவமா? குளிர்ந்துட்டுன்னு போடு.”

எங்கள் வீட்டில் விளக்கை ‘அணை’ என்று யாரும் சொல்வதில்லை, ‘குளிர வை’ என்றுதான் சொல்வோம். 20 மணி நேரமாக விளக்கையே செய்துகொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. ‘விளக்கு குளிர்ந்தது’ என்று மாற்றினேன். தோற்றுப்போன திரை அந்த ஒரு சொல்லால் சாந்தமானது.

ஆனால் கொடோவின் அன்றைய பதிப்புக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாது. ‘தொடங்கு’ என்று தட்டினால் கொம்பும் காலும் உகரமும் இடம் மாறிச் சிதறின. 2023இல் வந்த நான்காம் பதிப்பில்தான் இது சரியானது. அன்று வேறு வழியில்லாமல், தமிழ்ச் சொற்களை எழுத்தாக அல்லாமல் படமாக, புள்ளி புள்ளியாக வரைந்தேன். ‘ளி’யின் வளைவை 9 புள்ளி உயரத்தில் அடக்க அரை மணி நேரமானது. ஆங்கிலத்தில் போட்டால் அரை நிமிடம்தான். இருந்தாலும் அம்மா சொன்ன சொல் அம்மா சொன்ன மொழியிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பட்டது தெரிய வேண்டும்

ஈசல் மேல் துளி பட்டதும் அது மறைந்தால் கணக்கு சரிதான், ஆனால் கைக்கு ஒன்றும் தெரியாது. 2012இல் மார்ட்டின் ஜோனாசன், பெட்ரி புர்ஹோ என்ற இருவர் மேடையில் ஒரு சாதாரண செங்கல் உடைக்கும் விளையாட்டை எடுத்து, விதி எதையும் மாற்றாமல் அசைவு, ஒலி, துகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக் காட்டினார்கள். அதே ஆட்டம் வேறொன்றாகிவிட்டது. அதை மனதில் வைத்துச் செய்தேன். துளி பட்டதும் ஈசல் ஒரு கணம் வெள்ளையாக மின்னும். ஆட்டம் மூன்று சுற்று, அதாவது நொடியில் இருபதில் ஒரு பங்கு, அப்படியே நிற்கும். இறகுகள் இரண்டும் தனியே பிரிந்து ஆடி ஆடி இறங்கும். நிஜ ஈசலும் இறகை உதிர்க்கும் பூச்சிதான்.

ஒலிக்கு ‘எஸ்எஃப்எக்ஸ்ஆர்’ என்ற சின்னக் கருவி. பொத்தானை அழுத்தினால் புதிது புதிதாகச் சத்தம் உண்டாக்கிக் கொடுக்கும். 2007 டிசம்பரில் லூடம் டேரில் பங்கெடுத்தவர்களுக்காகவே ஒருவர் செய்து இலவசமாகக் கொடுத்தது. பிறருடைய வேலை எளிதாகட்டும் என்று ஒருவர் செய்த காரியத்தின் பலன் பதின்மூன்றாம் வருடம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

கடைசி இரவு

உலாவியில் ஓடும் விளையாட்டைத்தான் பலரும் ஆடிப் பார்ப்பார்கள். ஞாயிறு இரவு 11 மணிக்கு அப்படி மாற்றினேன். சத்தமே வரவில்லை. ஆடுபவர் ஒருமுறை சொடுக்கும்வரை உலாவிகள் ஒலியை அனுமதிப்பதில்லை என்பதை நள்ளிரவுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தான் வைத்ததும் தீர்ந்தது. ஒருமுறை கரண்டும் போனது. பேட்டரி பாதி இருந்ததால் பிழைத்தேன்.

மிச்ச நேரத்தில் கடினத்தைச் சீராக்கினேன். இரண்டு நாளாக நானே ஆடி ஆடிக் கை பழகியிருந்ததால் எனக்கு எளிதாக இருந்தது மற்றவர்க்கு மலையாக இருந்தது. எனக்கு 90 விநாடி, தம்பிக்கு 25 விநாடி. அவன் அளவுக்கு இறக்கினேன். தொடக்கத்தில் 1.2 விநாடிக்கு ஓர் ஈசல், ஒன்றரை நிமிடத்தில் 0.3 விநாடிக்கு ஒன்று. திங்கள் காலை 5.50க்கு ஒப்படைத்தேன். வெளியே அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது மூன்று வாரம் நீளும் மதிப்பீடு. பங்கெடுத்தவர்களே ஒருவர் விளையாட்டை ஒருவர் ஆடி மதிப்பெண் போடுவார்கள். குறைந்தது 20 பேர் மதிப்பிட்டால்தான் பட்டியலில் இடம். நாம் பிறருடையதை ஆடினால்தான் நம்முடையது பிறர் கண்ணில் படும். நான் 40 விளையாட்டுகளை ஆடினேன். என் விளையாட்டை ஆடிய ஒருவர், துளியும் ஈசலும் தன் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிகின்றன என்று எழுதினார். நிறக்குறைபாடு உள்ளவர்களை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இன்னொருவர் முடிவில் வரும் அந்தக் கோடுகளுக்கு என்ன பொருள் என்று கேட்டார். எங்கள் மொழியில் விளக்கு அணைவதில்லை, குளிர்கிறது என்று பதில் எழுதினேன்.

ஜாமில் பிறந்து பெரிதாக வளர்ந்தவை உண்டு. தென்னாப்பிரிக்காவில் உருவான ‘ப்ரோஃபோர்ஸ்’ 2012 லூடம் டேரில் முளைத்தது. ‘சூப்பர்ஹாட்’ 2013இல் ஏழு நாள் போட்டியில் பிறந்தது. ‘செலஸ்ட்’ முதலில் நான்கு நாளில் இருவர் செய்த சின்ன விளையாட்டு. என் ‘ஈசல்’ அப்படி ஆகவில்லை. அது இன்றும் ஒன்றரை நிமிட ஆட்டம்தான். ஆனால் இரண்டு வருடக் கப்பற்படை கற்றுத் தராததை அது கற்றுத் தந்தது. பிறர் ஆடும்போதுதான் விளையாட்டு என்று ஒன்று இருக்கிறது. பிறர் ஆட வேண்டுமானால் அது முடிந்திருக்க வேண்டும். முடிய வேண்டுமானால் சின்னதாக இருக்க வேண்டும்.

படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: கருவிகள் இலவசம், ஒரு பழைய கணினி போதும், ஒரு சனி ஞாயிறு போதும். நான்கு சொல்லில் அடங்கும் விளையாட்டை எடுங்கள், ஞாயிறு இரவுக்குள் முடியுங்கள். பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளை, “நான் செஞ்ச கேம், ஒரு தடவ ஆடிப் பாருங்க” என்று வந்து நின்றால், கை வேலையை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் ஆடுங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்று அந்தப் பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மனதில் பட்டதைச் சொல்லுங்கள். என் விளையாட்டின் இரண்டு நல்ல விஷயங்களும் என் தம்பியும் என் அம்மாவும் அப்படி ஆடிப் பார்த்துச் சொன்னவைதான்.